கம்பியைத் தளர்த்திய தீவு: ஹவாய் ஸ்லாக்-கீ கிட்டாரும் யுகுலேலேயும், முதல்முறை கேட்பவர்களுக்கு

'ஹவாயன் கிட்டார்' என்று நம் ஊரில் யாராவது சொன்னால், மடியில் படுக்கவைத்து, இடக்கையில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிமேல் வழுக்கி வழுக்கி வாசிக்கும் கிட்டார்தான் பெரும்பாலோர் நினைவுக்கு வரும். பழைய இந்திப் பாடல்களை அந்தக் கருவியில் வாசித்த இசைத்தட்டுகள் ஒரு காலத்தில் வீடுவீடாக இருந்தன. அப்புறம் யுகுலேலே என்றால் 'குழந்தைகளுக்கான குட்டி கிட்டார்' என்று ஒரு எண்ணம். 'ஸ்லாக்-கீ' என்ற சொல்லையோ பலர் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவர்களும் அதை முதலில் சொன்ன வழுக்குக் கிட்டாரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு, இது கொஞ்சம் ஆழமானது. ஹவாய் இசையைப் பற்றிப் பேசும்போது 'பாரம்பரியம்' ஒரு பக்கம், 'புதுமை' மறுபக்கம் என்று கோடு போட்டுவிடுகிறார்கள். கிட்டார் ஹவாயில் பிறந்ததே இல்லை, யுகுலேலேயின் மூதாதைக் கருவியும் அப்படித்தான். இரண்டும் கப்பலில் வந்தவை. அப்படியிருக்க, இதில் எது பாரம்பரியம்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, ஒரு கிட்டார் கம்பியைத் தளர்த்தினால் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால் கருவிகளைப் பிரித்துவிடலாம்.

## மூன்று கருவிகள்

முதலாவது, ஸ்டீல் கிட்டார். கம்பிமேல் எஃகுத் துண்டை நகர்த்தி வாசிப்பது. ஒவாஹு தீவில் பள்ளி மாணவனாக இருந்த ஜோசப் கெக்குக்கு 1889-ஐ ஒட்டி இந்த முறையை உருவாக்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. நமக்கு இது புரிவது எளிது. சித்திரவீணை என்கிற கோட்டுவாத்தியத்தில் மெட்டுகள் (கம்பிகளுக்கு அடியில் இருக்கும் குறுக்குக் கட்டுகள்) இல்லாத தண்டியின்மேல் ஒரு கட்டையை நகர்த்தி வாசிப்பார்களே, அடிப்படை அதேதான். 1940-களில் டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் தன் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்றுக்கொடுத்தார். இந்தியாவில் இந்தக் கருவி வேர்பிடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னாளில் விஸ்வமோகன் பட் உருவாக்கிய மோகன வீணை வரைக்கும் அந்த வழி நீள்கிறது. நாம் 'ஹவாயன் கிட்டார்' என்றாலே ஸ்டீல் கிட்டாரை நினைப்பது இதனால்தான்.

இரண்டாவது, ஸ்லாக்-கீ. இதில் கருவி சாதாரண கிட்டார்தான், மடியில் வழக்கம்போல நிமிர்த்திப் பிடித்து விரல்களால் மீட்டுவதுதான். இரும்புத் துண்டு கிடையாது. வித்தியாசம் கம்பிகளின் சுருதியில் இருக்கிறது. ஹவாய் மொழியில் இதன் பெயர் கீ ஹோஆலு. 'கீ' என்பது கம்பியை முறுக்கும் சாவி. 'ஹோஆலு' என்றால் தளர்த்து. பெயரிலேயே செய்முறை இருக்கிறது.

மூன்றாவது, நான்கு கம்பிகள் கொண்ட யுகுலேலே. ஹவாய்க்காரர்கள் உச்சரிப்பது 'உக்குலேலே' என்று. இதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

சுருக்கமாக: ஸ்டீல் என்பது வழுக்கும் முறை, ஸ்லாக்-கீ என்பது தளர்த்தும் முறை, யுகுலேலே தனிக் கருவி. இனி ஸ்லாக்-கீ.

## மாட்டோடு வந்த கிட்டார்

1793-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஜார்ஜ் வான்கூவர், ஹவாய் மன்னர் முதலாம் கமேஹமேஹாவுக்கு மாடுகளைப் பரிசாகக் கொடுத்தார். அவற்றை யாரும் கொல்லக் கூடாது என்று மன்னர் தடை போட்டார். விளைவு, மாடுகள் பெருகிக் காடுகளிலும் வயல்களிலும் கட்டுக்கடங்காமல் திரிந்தன. தோட்டங்களை மிதித்தன. அந்தக் காட்டு மாடுகளை அடக்கத் தெரிந்தவர் தீவில் யாரும் இல்லை. 1830-களின் தொடக்கத்தில் மூன்றாம் கமேஹமேஹா, அன்று மெக்சிகோவின் பகுதியாக இருந்த கலிஃபோர்னியாவிலிருந்து மாடு மேய்ப்பர்களை வரவழைத்தார். குதிரையேறவும், சுருக்குக் கயிறு வீசவும் அவர்கள் உள்ளூர் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் பேசியது ஸ்பானிய மொழி, அதாவது எஸ்பான்யோல். ஹவாய் நாக்கில் அது 'பனியோலோ' ஆனது. இன்றைக்கும் ஹவாயில் மாடு மேய்ப்பவருக்குப் பனியோலோ என்றுதான் பெயர்.

மாலையில் தீ மூட்டி உட்கார்ந்து அவர்கள் வாசித்தது கிட்டார். வேலை முடிந்து அவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள், சில கிட்டார்கள் தீவிலேயே தங்கிவிட்டன. கருவி கைக்கு வந்துவிட்டது, ஆனால் அதை வாசிக்கும் முறையை முழுதாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வழிவழியாகச் சொல்லப்படும் கதை இதுதான். கேட்க எளிமையாக இருந்தாலும் இதில் ஒரு முக்கியமான உண்மை இருக்கிறது. ஹவாய் மக்களிடம் அதற்குள் ஏற்கெனவே இசை இருந்தது. நூற்றாண்டுகளாக ஓதிவந்த, ஹவாய் மொழியில் 'மெலே' எனும் பாட்டு மரபு இருந்தது, ஹுலா நடனம் இருந்தது, 1820-இல் வந்த கிறித்தவ மிஷனரிகள் மூலம் பழகிய தேவாலயப் பாடல்களின் பல குரல் இசைவும் இருந்தது. கிட்டாரைக் கையில் எடுத்தவருக்கு எந்த ஒலி வேண்டும் என்று காது சொன்னது. அந்த ஒலி வரும்வரை கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் பார்த்தார்கள்.

## கொடிக்கயிறும் கம்பியும்

துணி காயப்போடும் கொடிக்கயிற்றை விரலால் சுண்டிப் பாருங்கள். இழுத்துக் கட்டியிருந்தால் வெடுக்கென்று துடிக்கும். தளர்ந்திருந்தால் சாவகாசமாக ஆடும். கம்பியும் அப்படித்தான். வேகமாக அதிர்ந்தால் சுருதி ஏறும், மெதுவாக அதிர்ந்தால் இறங்கும். ஒரு கம்பியை முழு ஸ்வரம் ஒன்று இறக்க, அதன் இழுவிசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டியிருக்கிறது. அதாவது ஒலி மட்டும் மாறுவதில்லை, கம்பியே கைக்கு மெத்தென்று ஆகிவிடுகிறது. விரலால் தட்டவும் இழுக்கவும் இலகுவாகிறது. இதை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது சுருதிக்கு வருவோம். ஒரு கிட்டாரின் ஆறு கம்பிகளுக்கும் எந்தெந்த ஸ்வரத்தை வைப்பது என்ற ஏற்பாட்டைத்தான் ட்யூனிங் என்கிறோம். நம் தம்புராவை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கம்பிகள் ப, ச, ச, ச என்று சேர்க்கப்பட்டிருக்கும். எந்த விரலும் வைக்காமல் சும்மா மீட்டினாலே காது நிறையும். வழக்கமான கிட்டாரில் அப்படி நடக்காது. அதன் மூன்றாவது கம்பியை (கிட்டாரில் கம்பிகளை மெல்லியதிலிருந்து எண்ணுவார்கள்) ஷட்ஜமாக, அதாவது 'ச'-வாக வைத்துக்கொண்டு, தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிவரை எழுதினால் இப்படி வரும்:

த – ரி – ப – ச – க – த

(ஸ்வரங்களை மட்டும் பார்த்தால் இது மோகனம். முதலில் இதைக் கவனித்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம்.) ஆனால் ஒரே சமயத்தில் ஆறையும் மீட்டினால் கும்பலாகத்தான் ஒலிக்கும், ஓர் இடத்தில் வந்து உட்காராது. உட்கார வைக்க இடக்கை விரல்கள் கம்பிகளை அழுத்திப் பிடித்தாக வேண்டும். அப்படிச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்துக்குக் கார்டு என்று பெயர்.

ஹவாய்க்காரர்கள் செய்தது என்ன? தடித்த 'த' கம்பியைத் தளர்த்தி 'ப' ஆக்கினார்கள். 'ரி' கம்பியைத் தளர்த்தி 'ச' ஆக்கினார்கள். கடைசியில் இருக்கும் மெல்லிய 'த' கம்பியையும் 'ப' ஆக்கினார்கள். மற்ற மூன்றைத் தொடவே இல்லை. இப்போது:

ப – ச – ப – ச – க – ப

மூன்றே மூன்று கம்பிகள், ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம் இறக்கம். இப்போது விரல் வைக்காமல் மீட்டினால் ச, க, ப மட்டும்தான் ஒலிக்கும். கிட்டாரே ஒரு தம்புராவாகிவிட்டது, ஆனால் பாடவும் தெரிந்த தம்புரா. இப்படித் திறந்த கம்பிகளே ஒரு கார்டாக ஒலிக்கும் ஏற்பாட்டுக்குத் திறந்த ட்யூனிங் என்று பெயர். ஹவாயில் இந்தக் குறிப்பிட்ட சுருதியை 'டாரோ பேட்ச்' என்கிறார்கள். டாரோ என்றால் நம்முடைய சேப்பங்கிழங்கு, அந்தத் தீவுகளின் அடிப்படை உணவு. டாரோ பேட்ச் என்றால் சேப்பங்கிழங்குப் பாத்தி. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தினசரி உணவின் பெயரைச் சுருதிக்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவு சகஜமான சுருதி அது.

இதனால் என்ன லாபம்? இடக்கைக்கு விடுதலை. கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் பொறுப்பு கம்பிகளிடமே போய்விட்டது. வலக்கைக் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் ப, ச என்று மாற்றி மாற்றித் தட்டி நடையைப் போட்டுக்கொண்டிருக்கும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டை வாசிக்கும். ஒரே ஆள், ஆனால் மிருதங்கத்தின் தொப்பியும் வீணையின் தந்தியும் சேர்ந்து கேட்பதுபோல இருக்கும். ஸ்லாக்-கீ ஒலிப்பதிவு ஒன்றை முதன்முதலில் கேட்டபோது இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே நான் நினைத்தேன். ஒருவர்தான் என்று தெரிந்த அன்றுதான் இந்த இசைமேல் பைத்தியம் பிடித்தது.

சரி, தளர்ந்த கம்பி கைக்கு மெத்தென்று இருக்கும் என்றேன் அல்லவா? அது இங்கே உதவுகிறது. ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பிமேல் இன்னொரு விரலைச் சுத்தியல்போல் இறக்கினால், மீட்டாமலே அடுத்த ஸ்வரம் கிடைக்கும். அழுத்திய விரலைக் கம்பியைச் சுண்டியபடியே எடுத்தால் முந்தைய ஸ்வரத்துக்குத் திரும்பும். நம் வீணை வித்வான்கள் ஸ்புரிதம் வாசிப்பதற்குக் கொஞ்சம் நெருங்கிய உத்தி. ஹவாய்ப் பாடகர்கள் உச்ச ஸ்தாயியில் குரலை உடைத்து உடைத்துப் பாடும் ஒரு வழக்கம் உண்டு. கம்பியில் இந்தத் தட்டலும் சுண்டலும் அந்தக் குரல் உடைவைப் பிடிக்கத்தான்.

இரண்டாவது ஒரு சுருதியையும் பார்த்துவிடலாம், ஒன்றே ஒன்று. டாரோ பேட்சில் மூன்றாவது கம்பியின் 'ச'-வை மட்டும் அரை ஸ்வரம் இறக்கி, காகலி நிஷாதம் ஆக்குங்கள்: ப – ச – ப – நி – க – ப. இதற்கு 'வஹினே' சுருதி என்று பெயர். வஹினே என்றால் பெண். இதில் கம்பிகளைச் சும்மா விட்டால் 'நி' ஏங்கிக்கொண்டு நிற்கும். முதல் மெட்டில் விரலைத் தட்டினால் 'ச'-வில் வந்து சேரும். அந்த ஏக்கமும் சேர்தலும் பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். இப்படி இன்னும் எத்தனையோ சுருதிகள் இருக்கின்றன. அவையெல்லாம் தேர்ந்தவர்களின் விஷயம்.

இதுவரை: கம்பியைத் தளர்த்துவதால் கிட்டார் தானாகவே கார்டாக ஒலிக்கிறது. கட்டைவிரல் நடையைப் பார்த்துக்கொள்கிறது. மற்ற விரல்கள் பாடுகின்றன. மென்மையான கம்பி, குரலின் நெளிவுகளைப் பிடிக்க உதவுகிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். டாரோ பேட்ச் சுருதி ஹவாய்க்கு மட்டும் உரியது இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையிலும் இதே ஆறு ஸ்வரங்கள், இதே வரிசையில் உண்டு. அங்கே அதற்கு 'ஸ்பானிய ட்யூனிங்' என்று பெயர். சுருதி ஒன்று, இசை முற்றிலும் வேறு. ப்ளூஸ் கலைஞர் அதே கம்பிகளிலிருந்து கூர்மையை எடுக்கிறார். ஹவாய்க் கலைஞர் தேடுவது 'நஹேநஹே' என்று அவர்கள் சொல்லும் குணத்தை, அதாவது மென்மை, இதம், இனிமை எல்லாம் சேர்ந்த ஒன்றை. ஆகவே பாரம்பரியத்தை சுருதியில் மட்டும் தேடினால் கிடைக்காது. அந்தச் சுருதியை எதற்காகக் கேட்கிறார்கள் என்பதில்தான் அது இருக்கிறது.

## வீட்டுக்குள் இருந்த ரகசியம்

இந்தச் சுருதிகள் நெடுங்காலம் குடும்பச் சொத்தாக இருந்தன. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு, அத்தையிடமிருந்து மருமகளுக்கு. வெளியாள் வந்தால் வாசித்து முடித்ததும் கம்பிகளைக் கலைத்துவிட்டுத்தான் கிட்டாரைக் கீழே வைப்பார்களாம். கற்றுக்கொடுப்பதும் 'பார், கேள், வாசி' என்ற அளவுதான். கேள்வி கேட்கும் வழக்கம் கிடையாது.

நாடும் அப்போது நல்ல நிலையில் இல்லை. 1893-இல் அமெரிக்கத் தோட்ட முதலாளிகளின் ஆதரவோடு லிலியுவோகலானி அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896-இல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்று மொழியாக்கியது. 1898-இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. பள்ளியில் தாய்மொழி பேசினால் தண்டனை கிடைத்த தலைமுறைகள் வளர்ந்தன. சுற்றுலா வந்தவர்களுக்காக ஆங்கில வரிகளோடு ஹவாய் சாயல் பூசிய பாடல்கள் பெருகின. வீட்டுத் திண்ணையில் வாசிக்கப்பட்ட ஸ்லாக்-கீ கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. ரகசியமாகக் காத்தது ஒரு வகையில் அதைக் காப்பாற்றியது. ஆனால் வாசித்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தபோது சுருதிகளும் அவர்களோடு போகத் தொடங்கின.

கதவைத் திறந்தவர் கேபி பாஹினுயி. 1921-இல் பிறந்தவர். வைகீக்கி கடற்கரையின் இரவு விடுதிகளில் ஸ்டீல் கிட்டாரும் வாசித்தவர், பிழைப்புக்கு ஹொனலூலு நகரச் சாலைப் பணியில் உழைத்தவர். 1946-இல் அவர் பாடி வாசித்த 'ஹீஇலாவே' இசைத்தட்டு ஸ்லாக்-கீ வரலாற்றின் திருப்புமுனை. அதுவரை வீட்டில் மட்டும் கேட்ட ஒலி இசைத்தட்டாக ஊருக்கு வந்தது. கேட்ட இளைஞர்கள், 'இது எங்கள் தாத்தா வாசிப்பதுபோல இருக்கிறதே' என்று நிமிர்ந்தார்கள். பின்னாளில் வைமானாலோவில் இருந்த அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வார இறுதிகளில் இசைக்காரர்கள் திரள்வார்கள், விடிய விடிய வாசிப்பார்கள். அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து கிட்டார் கலைஞர் ரை கூடர் வந்து அவரோடு வாசித்ததும் அந்தக் காலத்தில்தான். அதே ரை கூடர் பிறகு நம் விஸ்வமோகன் பட்டோடு சேர்ந்து செய்த இசைத்தொகுப்பு 1994-இல் கிராமி விருது பெற்றது.

ரே கானே, லெனார்ட் குவான், சன்னி சில்லிங்வொர்த் என்று ஒவ்வொருவரும் தனித்தனி நடையோடு எழுந்தார்கள். ஹவாயில் வயதில் மூத்த யாரையும் 'அங்கிள்', 'ஆண்டி' என்றுதான் அழைப்பார்கள், நம் ஊர்போலவே. 1892-இல் பிறந்த 'ஆண்டி' ஆலிஸ் நமாகெலுவா தனக்குத் தெரிந்ததைக் குடும்பத்துக்கு வெளியேயும் கற்றுக்கொடுத்த பழைய தலைமுறைக்காரர்களில் ஒருவர். 1973-இல் கியோலா பீமர் ஸ்லாக்-கீக்கு ஒரு பயிற்சி நூலையே வெளியிட்டார். கம்பியைக் கலைத்துவிட்டுக் கிட்டாரை வைத்த பழக்கத்திலிருந்து, அச்சில் சுருதியைக் கொடுப்பதுவரை வந்தாகிவிட்டது. என்னைக் கேட்டால், ஸ்லாக்-கீயில் நடந்த மிகப்பெரிய புதுமை இதுதான். ஒலியில் எதையும் மாற்றாமல், யாருக்குக் கொடுப்பது என்பதை மாற்றினார்கள்.

## துள்ளும் விரல்கள்

யுகுலேலேக்குப் பிறந்தநாளே உண்டு என்று சொல்லலாம். 1879 ஆகஸ்ட் 23 அன்று 'ரேவன்ஸ்க்ராக்' என்ற கப்பல் ஹொனலூலு வந்து சேர்ந்தது. போர்ச்சுகலுக்குச் சொந்தமான மடைரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக 400-க்கும் மேற்பட்டவர்கள் அதில் வந்தார்கள். கரும்புக்காகக் கடல் தாண்டியவர்களின் கதை தமிழர்களுக்குப் புதிதல்ல. மடைரா மக்கள் தங்களோடு 'மஷேட்' என்ற சின்ன நான்கு கம்பிக் கருவியைக் கொண்டு வந்தார்கள். வந்த சில நாட்களிலேயே தெருவில் இரவுதோறும் வாசித்து ஊரை மகிழ்விக்கிறார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. கப்பலில் வந்தவர்களில் மரத்தச்சர்கள் மூவர்: மானுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரித்து சாந்தோ. தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் ஹொனலூலுவில் கருவி செய்யத் தொடங்கினார்கள். மரம், ஹவாயில் மட்டுமே வளரும் கோவா. நம் வேல மரத்துக்குத் தூரத்து உறவு.

மஷேட்டின் உடலை எடுத்துக்கொண்டார்கள், சுருதியை எடுக்கவில்லை. மடைராவின் இன்னொரு கருவியான ஐந்து கம்பி ரஜாவோவின் சுருதியிலிருந்து நான்கு கம்பிக்கு உரியதை எடுத்தார்கள். யுகுலேலேயின் சுருதி ப – ச – க – த. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதலில் இருக்கும் 'ப', 'ச'-வுக்குக் கீழே இருக்கும் மந்திர பஞ்சமம் அல்ல, மேலே இருக்கும் பஞ்சமம். படி ஏறும்போது முதல் படியே இரண்டாம் படியைவிட உயரமாக இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. இதற்கு மீள்நுழைவுச் சுருதி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். கம்பிகள் வரிசையாக ஏறாமல், மேலிருந்து தொடங்கி, கீழே இறங்கி, மறுபடி ஏறுகின்றன. அதனால் நான்கும் ஒரே ஸ்தாயிக்குள் நெருக்கமாக நிற்கின்றன. கையால் மேலும் கீழும் வீசினால் அடிக்கனம் இல்லாமல் பளிச்சென்று துள்ளுகிறது. குட்டிக் கருவி என்பதால் மட்டும் அந்த ஒலி வருவதில்லை, இந்தச் சுருதியும் சேர்ந்துதான்.

பெயருக்குப் பொருள், துள்ளும் தெள்ளுப்பூச்சி. 'உக்கு' என்றால் தெள்ளு, 'லேலே' என்றால் துள்ளு. வாசிப்பவரின் விரல்கள் அப்படித் தாவியதால் வந்த பெயர் என்பார்கள். லிலியுவோகலானி அரசி வேறு பொருள் சொன்னார்: இங்கே வந்து சேர்ந்த பரிசு. இரண்டில் எது மொழியியல்படி சரி என்பதைவிட, வெளியிலிருந்து வந்ததைப் பரிசு என்று அழைக்க ஓர் அரசிக்குத் தோன்றியதே, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அவருடைய அண்ணன் மன்னர் கலாகாவா இன்னும் ஒரு படி போனார். மிஷனரிகளின் எதிர்ப்பால் பொதுவிடத்திலிருந்து ஒதுங்கியிருந்த ஹுலாவை அரண்மனைக்கே அழைத்து வந்தவர் அவர். யுகுலேலே வாசிக்கவும் தெரிந்தவர். 1886-இல் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் விழாவில் ஹுலா ஆடியபோது, சுரைக்குடுக்கைத் தாளத்தோடு யுகுலேலேயும் ஒலித்தது. கருவி தீவுக்கு வந்து ஏழே ஆண்டுகள். பழைய அசைவும் புதிய இசையும் சேர்ந்த அந்த வகைக்கு 'ஹுலா குயி' என்று பெயர். 'குயி' என்றால் இணைத்தல். இன்று உலகமே 'பாரம்பரிய ஹவாய் இசை' என்று எதை நினைக்கிறதோ, அதன் அடித்தளம் இந்த இணைப்புதான்.

இதுவரை: யுகுலேலே போர்ச்சுகீசியத் தச்சர்களின் கையில், ஹவாய் மரத்தில் பிறந்தது. அதன் துள்ளலுக்கு மீள்நுழைவுச் சுருதி ஒரு காரணம். அரண்மனை அதை ஹுலாவோடு இணைத்தது.

## பாட்டுதான் முதல்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் எல்லாம் வெறும் கம்பிக் கணக்காகிவிடும். ஹவாய் இசையில் கருவிக்கு முன்னால் வருவது சொல். பாட்டுக்கு இருக்கும் மறைபொருளை அவர்கள் 'கவோனா' என்பார்கள். சங்கப் பாடலில் உள்ளுறை படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வயலும் பொய்கையும் பறவையும் பற்றிப் பாடிக்கொண்டே தலைவன் தலைவி செய்தியைச் சொல்வதுபோல, ஹவாய்ப் பாட்டில் மழை ஒரு காதலாகலாம், மலர் ஒரு பெண்ணாகலாம், காற்றின் பெயர் ஓர் ஊரின் வம்பாகலாம். கேபி பாடிய ஹீஇலாவே, வைபியோ பள்ளத்தாக்கில் இருக்கும் ஓர் அருவியின் பெயர். பாட்டு அருவியைப் பற்றியதுபோல இருக்கும், உள்ளே ஒரு காதல் விவகாரமும் அதைச் சுற்றிய ஊர்ப்பேச்சும் ஓடும்.

கருவி இந்தச் சொல்லுக்கு இடம் விட வேண்டும். ஹுலா பாட்டில் ஒரு சரணம் முடிந்ததும் அடுத்ததற்கு முன் கருவிகள் மட்டும் வாசிக்கும் ஒரு சிறு சுற்று வரும், அதை 'வேம்ப்' என்பார்கள். ரிஷபத்தில் நிற்கும் கார்டிலிருந்து பஞ்சமத்துக்கு, அங்கிருந்து ஷட்ஜத்துக்கு என்று இறங்கி வீடு சேரும். அந்த இடைவெளியில் ஆடுபவர் தயாராகிறார், அடுத்த சரணத்தின் முதல் சொற்களை ஒருவர் கூவி நினைவூட்டுகிறார். நாலு ஹவாய்ப் பாட்டு கேட்டால் இந்தச் சுற்று காதில் ஒட்டிக்கொள்ளும்.

## சர்ச்சை வந்த இடம்

2005-இல் முதன்முறையாக ஹவாய் இசைத்தொகுப்புக்கென்று தனிக் கிராமி விருது வந்தது. தீவே கொண்டாடியது. ஆனால் 2011 வரை அது வழங்கப்பட்ட ஏழு முறைகளில் ஐந்து முறை வென்றவை ஸ்லாக்-கீ கலைஞர்கள் பலரைத் திரட்டிய தொகுப்புகள். தாய்மொழியில் பாடுபவர்கள் பலர் வருந்தினார்கள். ஒரு நூற்றாண்டாக நசுக்கப்பட்ட மொழி, 1978-இல்தான் ஹவாயின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்ட மொழி, பாட்டில்தான் உயிரோடு இருந்தது. அந்தப் பாட்டை விட்டுவிட்டுக் கிட்டாரை மட்டும் 'ஹவாய் இசை' என்று உலகம் எடுத்துக்கொண்டால் எப்படி? ஸ்லாக்-கீயை உயிராக நேசிக்கும் நான்கூட, இந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அப்புறம் 2011-இல் அந்தப் பிரிவையே நீக்கி, வேறு வட்டார இசைகளோடு சேர்த்துவிட்டார்கள்.

யுகுலேலேயின் கதை வேறு மாதிரி. அது தாளத்துக்கான கருவி என்றிருந்த நாட்களில், எடி கமாயே நான்கு கம்பிகளையும் ஒருசேர விரல்களால் மீட்டி, பாட்டையும் கார்டையும் ஒன்றாக வாசித்துக் காட்டினார். இளமையில் அவருக்கு ஹவாய்ப் பாடல்கள்மேல் ஆர்வமே இல்லை, ஜாஸும் லத்தீன் இசையும்தான். பிறகு கேபியோடு பழகியபின் மனம் திரும்பியது. 1960-ஐ ஒட்டி இருவரும் 'சன்ஸ் ஆஃப் ஹவாய்' குழுவை அமைத்தார்கள். அதற்கப்புறம் கமாயே தீவு தீவாகப் போய் முதியவர்களிடம் பழைய பாடல்களைத் தேடிச் சேர்த்தார். கருவியில் எல்லோரையும்விடப் புதிதாக வாசித்தவரே, பழைய பாட்டைத் தேடி அதிகம் அலைந்தவரும்.

இஸ்ரயேல் கமாகவிவோஓலே 1988-இல் ஒரு நள்ளிரவில், ஒரே மூச்சில் பதிவு செய்த ஒரு பாட்டு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். இரண்டு பழைய அமெரிக்கப் பாடல்களை இணைத்து, ஒற்றை யுகுலேலேயோடு அவர் பாடியது. 1993-இல் தொகுப்பாக வெளிவந்து உலகம் சுற்றியது. பாட்டு ஆங்கிலம்தான். ஆனால் அந்த அவசரமில்லாத வீச்சும், குரல் மேலே ஏறிக் கரையும் இடமும் எங்கிருந்து வந்தவை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். தீவு மக்களின் உரிமைக்காகவும் பாடியவர் அவர். 1997-இல் 38 வயதில் இறந்தபோது, மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தில் அவர் உடலை வைத்து மக்கள் அஞ்சலி செலுத்தினார்கள்.

அடுத்த தலைமுறையில் ஜேக் ஷிமாபுகுரோ. 2006-இல் பீட்டில்ஸ் பாடல் ஒன்றை அவர் யுகுலேலேயில் வாசித்த காணொளி இணையத்தில் காட்டுத்தீபோலப் பரவியது. ராக், ஜாஸ், செவ்வியல் இசை எல்லாம் அந்த நான்கு கம்பிகளில் வரும் என்று காட்டினார். இது ஹவாய் இசையா என்று கேட்பவர்கள் உண்டு. அவர் வாசிப்பதை நிதானமாகக் கேளுங்கள். அடிக்கனமான கம்பி இல்லாத அந்த மீள்நுழைவுச் சுருதியை அவர் மாற்றவில்லை. இல்லாத ஆழத்தை எப்படி உண்டாக்குகிறார் என்பதில்தான் அவர் திறமையே இருக்கிறது.

## நீங்களே செய்து பார்க்க

வீட்டில் கிட்டார் இருக்கிறதா? தளர்த்துவதுதான் வேலை என்பதால் கம்பி அறுந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கைபேசியில் ட்யூனர் செயலி ஒன்று இருந்தால் போதும். ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கும், ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கும், முதல் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கும் இறக்குங்கள். இப்போது எதையும் அழுத்தாமல் மெதுவாக மீட்டுங்கள்.

அது ஷட்ஜம். ஆள்காட்டி விரலை ஐந்தாவது மெட்டில் எல்லாக் கம்பிகள்மேலும் குறுக்காக வைத்தால் மத்யமம், ஏழாவதில் வைத்தால் பஞ்சமம். இந்த மூன்று இடங்களுக்குள் ஏராளமான ஹவாய்ப் பாடல்கள் அடங்கிவிடும். கட்டைவிரலால் ஐந்தாவது, நான்காவது கம்பிகளை மாறி மாறித் தட்டுங்கள், கடிகாரம்போல் சீராக. அது தானாக ஓடத் தொடங்க ஒரு வாரம் பிடிக்கும், பொறுங்கள். ஓடத் தொடங்கியதும் முதல் இரண்டு கம்பிகளில் உங்களுக்குப் பிடித்த ஒரு தாலாட்டைத் தேடுங்கள்.

கடைசியாக ஒன்று. பன்னிரண்டாவது மெட்டுக்கு நேர் மேலே, ஒரு கம்பியை விரலால் அழுத்தாமல், பூவைத் தொடுவதுபோலத் தொட்டு, மீட்டிய கணமே எடுத்துவிடுங்கள். மணி அடித்ததுபோல ஓர் ஒலி வரும். அவர்கள் அதைச் 'சைம்ஸ்' என்பார்கள், பாட்டின் முடிவில் வைப்பார்கள். அது முழுக்க அடங்கும்வரை அடுத்த கம்பியைத் தொடாதீர்கள்.